முதலில் பிழியுங்கள், அப்புறம் காயவையுங்கள்: பேப்பர் மில்லில் கரியும் கரன்ட்டும் குறைய ஒரு முழு வழிகாட்டி

அட்டைப்பெட்டிக்குப் போகும் பழுப்புக் காகிதமான கிராஃப்ட் பேப்பர் ஒரு டன் ரீலில் சுற்றி முடியும்போது அதில் இருக்கும் தண்ணீர் 60 கிலோதான். அதே பேப்பர் கூழாக ஹெட்பாக்ஸ் என்ற பெட்டியிலிருந்து வயர் என்ற ஓடும் சல்லடை மேல் விழும்போது, கூழில் நார் 0.8 சதவீதம் என்று வைத்தால், கூடவே 116 டன் தண்ணீர் வருகிறது. இடையில் மெஷின் செய்வதெல்லாம் அந்தத் தண்ணீரை எடுக்கும் வேலைதான்.

எங்கே எவ்வளவு போகிறது என்று பாருங்கள். வயரில் வடிந்தும், வாக்குவம் பெட்டிகளில் உறிஞ்சப்பட்டும் 112 டன்னுக்கு மேல் போய்விடுகிறது. பிரஸ் உருளைகளுக்கு நடுவில் நசுங்கி இன்னொரு 2,460 கிலோ போகிறது. மிச்சம் 1,240 கிலோ, ஸ்டீமால் சூடாகும் டிரையர் சிலிண்டர்களில் ஆவியாகிறது. மொத்தத் தண்ணீரில் நூறில் ஒரு பங்குதான் அது. ஆனால் பாய்லரில் எரியும் கரியில் பெரும்பகுதி அந்த ஒரு பங்குக்காகத்தான் எரிகிறது.

மில்லில் கார்பனைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் பலரும் கூரையில் சோலார் போடுவதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். சோலார் நல்லதுதான். ஆனால் பாய்லரும் கரன்ட்டும் பார்க்கும் யுடிலிட்டி பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரிசை முக்கியம். டிரையருக்குள் போகும் ஈரத்தைக் குறைப்பது முதல் வேலை. போட்ட சூட்டை வீணாக்காமல் திரும்ப எடுப்பது அடுத்தது. மோட்டார்கள், கழிவுநீர், எரிபொருள், சோலார் எல்லாம் அதற்குப் பிறகு. வரிசை மாறினால், வீணாகும் சூட்டுக்கும் சேர்த்துப் பெரிய பாய்லரும் பெரிய சோலாரும் வாங்குவோம்.

இதை உடுமலை, மேட்டுப்பாளையம், ஈரோடு பக்கம் வேஸ்ட் பேப்பரிலிருந்து நாளுக்கு 100 டன் கிராஃப்ட் பேப்பர் எடுக்கும் ஆலையை மனதில் வைத்து எழுதுகிறேன். மரத்திலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் கூழ் எடுக்கும் பெரிய ஆலைகளில் கூழ் எடுத்தபின் மிஞ்சும் கருப்புத் திரவத்தை எரிக்கும் ரிகவரி பாய்லர் இருக்கும், அவர்கள் கணக்கு வேறு. ஆனால் பேப்பர் மெஷின் எல்லோருக்கும் ஒன்றுதான். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2022இல் உலகக் காகிதத் தொழில் நேரடியாக வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு சுமார் 190 மில்லியன் டன். தொழில்துறை மொத்தத்தில் அது 2 சதவீதம் போல வரும்.

படி 1: ஒரு மாதத்தை முழுசாக அளங்கள்

அளக்காமல் தொடங்கும் மில்லில் ஆறு மாதம் கழித்து சண்டைதான் மிஞ்சும். பாய்லர்காரர் மெஷினைக் குறை சொல்வார், மெஷின்காரர் பாய்லரைக் குறை சொல்வார். அதனால் குறைந்தபட்சம் இந்த மீட்டர்கள் வேண்டும்: பாய்லரிலிருந்து வெளியேறும் ஸ்டீமுக்கு ஒன்று, டிரையருக்குப் போகும் ஸ்டீமுக்குத் தனியாக ஒன்று, பாய்லருக்குப் போகும் தண்ணீருக்கு ஒன்று. கரன்ட்டுக்குப் பிரிவுவாரியாக மீட்டர் வையுங்கள்: கூழ் தயாராகும் பல்ப் மில், வாக்குவம், மெஷின் டிரைவ், பாய்லர், கழிவுநீர்.

கரியை எடைமேடைச் சீட்டை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். மழைக்காலத்தில் யார்டில் கிடக்கும் கரி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து ஈரமும் கலோரி மதிப்பும் பார்க்க வேண்டும். மாதத் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் அளந்தால்தான் எரிந்தது எவ்வளவு என்று தெரியும்.

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. மாதம் 3,000 டன் பேப்பர். எரிந்த கரி 1,200 டன், கிலோவுக்கு 4,500 கிலோகலோரி தரும் ரகம். இந்த ரகக் கரி ஒரு டன் எரிந்தால் சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக 2,160 டன். ஈபி பில்லில் 12 லட்சம் யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால் 840 டன். இரண்டையும் கூட்டினால் 3,000 டன். அதாவது ஒரு டன் பேப்பருக்கு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த ஆலையையே வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிடுங்கள். வழி ஒன்றுதான்.

படி 2: ஷீட் கட் ஆவதைக் குறையுங்கள்

ஷீட் அறுந்து கிடக்கும் 20 நிமிடமும் டிரையர் சுடுகிறது, வாக்குவம் பம்பு ஓடுகிறது, ரீலில் ஏறுவது ஒன்றுமில்லை. அறுந்து விழுந்ததை மறுபடி கூழாக்கி, மறுபடி பிழிந்து, மறுபடி காயவைக்கிறோம். ஒரே பேப்பருக்கு இரண்டு தடவை கரி போடுவது மாதிரி. அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் நேரம், இடம், காரணம் மூன்றையும் ஷிப்ட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒட்டுப் பசை, பிளாஸ்டிக் துணுக்கு, ஓரத்தில் ஈரக்கோடு என்று நாலைந்து காரணங்களே திரும்பத் திரும்ப வரும். வேஸ்ட் பேப்பரைத் தரம் பிரிக்கும் இடத்தில் இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டாலே பலன் தெரியும்.

படி 3: பிரஸ்ஸைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பிரஸ்ஸை விட்டு வெளியே வரும் ஷீட்டில் 42 சதவீதம் காய்வு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ ஷீட்டில் 42 கிலோ நார், 58 கிலோ தண்ணீர். அதை 94 சதவீதம் வரை காயவைக்க, டன்னுக்கு 1,238 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். காய்வு 43 ஆனால் 1,186 கிலோ போதும். ஒரே ஒரு புள்ளிக்கு 52 கிலோ, அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆவியாக்கும் வேலை குறைகிறது. நம் ஊர் மில்காரர்கள் "ஒரு பாயின்ட்டுக்கு நாலு பெர்சன்ட் ஸ்டீம்" என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

காய்வை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஷீட் கட் ஆகும் நேரம் பாருங்கள். கடைசி பிரஸ்ஸுக்கும் முதல் டிரையருக்கும் நடுவில், ரோல் பக்கம் கையைக் கொண்டுபோகாமல், கீழே விழும் ஷீட்டிலிருந்து முழு அகலத்திலும் மூன்று இடத்தில் கிழித்தெடுங்கள்: இரண்டு ஓரம், நடு. ஒவ்வொன்றையும் சுருட்டி, முன்பே எடை போட்ட டப்பாவில் போட்டு உடனே மூடிவிடுங்கள். மூட அரை நிமிடம் தாமதித்தாலே சூடான ஷீட்டிலிருந்து ஈரம் பறந்து, காய்வு கூடுதலாகக் காட்டும். எடை போட்டு, லேபில் 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். காய்ந்த எடையை ஈர எடையால் வகுத்தால் காய்வு வந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள் இதைச் செய்து, பிரஸ்ஸில் ஷீட்டோடு ஓடித் தண்ணீரை வாங்கும் தடித்த துணியான ஃபெல்ட்டின் வயதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு கதை சொல்லும். நான் வேலை பார்த்த ஒரு மில்லில் ஃபெல்ட்டை மாற்றும் நாள் வந்ததும், "இன்னும் இருபது நாள் தாங்குமுங்க" என்று ஃபோர்மேன் சொல்ல, கொள்முதல் பிரிவும் சரி என்றுவிட்டது. ஃபெல்ட் கிழியவில்லை, ஓடத்தான் செய்தது. ஆனால் துளைகளில் நுண்நாரும் பசையும் அடைத்து, பிழிந்த தண்ணீர் போக வழியில்லாமல் ஷீட்டுக்கே திரும்பியது. 43இல் இருந்த காய்வு 40க்கு இறங்கியது. டன்னுக்கு 164 கிலோ தண்ணீர் கூடுதல். நாளுக்கு 100 டன் என்றால் 16 டன் தண்ணீர், அதற்கு 21 டன் ஸ்டீம், அதற்கு ஏறக்குறைய 4 டன் கரி. இருபது நாளில் 80 டன் கரிக்குப் பக்கம். கார்பன் கணக்கில் 140 டன். ஃபெல்ட்டை மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம், அதைவிடப் பெரிய தொகையாகப் பாய்லர் வழியாகப் போனது. அந்தக் கணக்கை அன்றைக்கே நான் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். இன்றும் மனதை உறுத்துகிறது.

ஆகவே ஃபெல்ட் மாற்றும் நாளைக் கிழிசலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், காய்வை வைத்துத் தீர்மானியுங்கள். கூடவே பார்க்க வேண்டியவை: ஃபெல்ட்டைக் கழுவும் ஷவர் நாசில்கள் அடைப்பில்லாமல் இருக்கின்றனவா, ஃபெல்ட்டிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் பெட்டியில் வாக்குவம் போதுமா, ரோலின் கிரவுன் (நடுவில் இருக்கும் லேசான புடைப்பு) தேய்ந்து ஓரம் ஈரமாக வருகிறதா.

அடுத்தது சூடு. சூடான தண்ணீருக்குப் பிசுபிசுப்பு குறைவு, எளிதாகப் பிழியப்படும். பிரஸ்ஸுக்கு முன் ஷீட்டின் சூட்டை 10 டிகிரி ஏற்றினால் காய்வு சுமார் ஒரு புள்ளி கூடும் என்பது அனுபவக் கணக்கு. இதற்குத்தான் ஸ்டீம் பாக்ஸ் வைக்கிறார்கள். அதற்கு முன்னால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. வயரில் வடிந்த தண்ணீரான ஒயிட் வாட்டரை வெளியே விட்டுவிட்டு அந்த இடத்தில் குளிர்ந்த போர் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்துங்கள். மெஷினைச் சுற்றி எங்கெல்லாம் புதுத் தண்ணீர் போகிறது என்று ஒரு படம் வரைந்து பாருங்கள். வடிகட்டிய ஒயிட் வாட்டரை வைத்தே ஓட்டக்கூடிய ஷவர்கள் பாதிக்கு மேல் இருக்கும்.

பணம் ஒதுக்க முடிந்தால் ஷூ பிரஸ் பெரிய மாற்றம். நிப், அதாவது ஷீட் நசுங்கும் இடம், அகலமாக இருந்து நீண்ட நேரம் அழுத்துவதால் காய்வு பல புள்ளிகள் ஏறும். ஆனால் இருக்கும் பிரஸ்ஸை ஒழுங்காகப் பராமரிக்காத மில் ஷூ பிரஸ் வாங்கியும் பிரயோசனமில்லை.

படி 4: சைஸ் பிரஸ்ஸில் மறுபடி நனைப்பதைக் கவனியுங்கள்

பேப்பர் வெடிக்காமல் தாங்கும் வலிமையான பிஎஃப் ஏற்றுவதற்காக, காய்ந்த பேப்பரை சைஸ் பிரஸ்ஸில் ஸ்டார்ச் கரைசலில் முக்கி எடுத்து மறுபடி காயவைக்கிறோம். டன்னுக்கு 50 கிலோ ஸ்டார்ச் ஏற வேண்டும் என்று வைப்போம். கரைசலின் திடம் 8 சதவீதமாக இருந்தால் ஸ்டார்ச்சோடு 575 கிலோ தண்ணீர் பேப்பரில் ஏறுகிறது. அதையே 12 சதவீதமாக்கினால் 367 கிலோ. வித்தியாசம் 208 கிலோ! பிரஸ்ஸில் நான்கு புள்ளி காய்வு கூட்டியதற்குச் சமம். திடத்தைக் கூட்டினால் கரைசல் கெட்டியாகும் என்ற பயம் நியாயம்தான். ஸ்டார்ச்சை என்சைம் போட்டு நன்றாக உடைத்து, சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் ஓடும். ஒரேயடியாக வேண்டாம். வாரத்துக்கு அரை சதவீதமாக ஏற்றி, பிஎஃப் சோதனையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே போங்கள்.

ரீலில் ஈரம் எவ்வளவு என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். வாங்குபவர் 8 சதவீத ஈரம் வரை ஏற்கிறார் என்றால் 5 சதவீதத்துக்குக் காயவைப்பது ஏன்? நாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி ஈரத்தை எடுக்கத்தான் அதிகச் சூடு வேண்டும். எடையிலும் டன்னுக்கு 30 கிலோ போகிறது. அளவுக்கு மேல் காயவைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஓரத்து ஈரம்தான். ஓரம் காயட்டும் என்று நடுவைக் கருக்குகிறோம். மறுபடி பிரஸ்ஸுக்குத்தான் போக வேண்டும்.

படி 5: கண்டென்சேட்டை ஒரு சொட்டு விடாதீர்கள்

பல மில்களில் டிரையருக்குப் பின்புறம் போனால் ஒரு சாக்கடையில் வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். விடியற்காலை ஷிப்ட் முடிந்தவர்கள் அங்கே முகம் கழுவுவார்கள், துணிகூட அலசுவார்கள். ஸ்டீம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராக மாறிய கண்டென்சேட் அது. மில்லிலேயே விலை கூடிய தண்ணீர். உப்பு நீக்கி, சூடேற்றி, ஸ்டீமாக்கி, ஒரு வேலையை முடித்துவிட்டு வந்த சுத்தமான தண்ணீர்.

பாய்லருக்குப் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருள் 1 சதவீதம் குறையும். இது எரிசக்தித் தணிக்கையாளர்கள் எல்லோரும் வைத்திருக்கும் விதி. கண்டென்சேட்டைக் குழாய் போட்டுத் திருப்பி, 40 டிகிரியில் போய்க்கொண்டிருந்த தண்ணீரை 90 டிகிரியாக்கினால் 8 சதவீதம். நம் உதாரண மில்லில் மாதம் 95 டன் கரிக்கு மேல். பழுப்பு நிறமோ நாரோ தெரிந்தால் மட்டும் விலக்கி விடுங்கள். மற்றபடி எல்லாம் திரும்ப வரட்டும்.

3 கிலோ பிரஷரில் இருக்கும் கண்டென்சேட்டை வெறும் தொட்டியில் விட்டால் அதில் சுமார் 8 சதவீதம் உடனே ஆவியாகப் பறந்துவிடும். அந்தப் பிளாஷ் ஸ்டீமை ஒரு கலத்தில் பிடித்து, பிரஷர் குறைவாக இருக்கும் முன்பக்க டிரையர்களுக்கு அனுப்ப வேண்டும். பின்பக்கக் குழுவின் ஆவி முன்பக்கத்துக்கு என்ற இந்த அடுக்கு முறை பழசுதான், ஆனால் எத்தனையோ மில்களில் இடையில் வால்வைத் திறந்துவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள்.

டிரையர் சிலிண்டருக்குள் கண்டென்சேட் தேங்கினாலும் நஷ்டம். மெஷின் வேகமாகச் சுற்றும்போது அந்தத் தண்ணீர் உள்சுவர் முழுக்க ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டு சூட்டைப் பேப்பருக்கு விடாமல் தடுக்கும். ஆபரேட்டர் பிரஷரை ஏற்றுவார், கரி ஏறும். அதை வெளியேற்றும் சைஃபன் குழாய் சுவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அதை உறிஞ்ச வேண்டிய பிரஷர் வித்தியாசம் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷட்டவுனிலும் பாருங்கள். கையடக்க வெப்பமானியால் வரிசையாக எல்லா சிலிண்டர் மேற்பரப்பையும் அளந்து ஒரு வரைபடம் போட்டால், நடுவில் குளிர்ந்து கிடக்கும் சிலிண்டர் தானே தெரியும்.

ஸ்டீமைப் பிடித்துவைத்து கண்டென்சேட்டை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் டிராப்பைச் சோதிக்க ஒரு பழைய வழி: நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை டிராப்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வையுங்கள். நல்ல டிராப் விட்டுவிட்டு "டக், டக்" என்று திறந்து மூடும். "ஸ்ஸ்" என்று ஒரே சத்தமாக வந்தால் ஸ்டீம் நேராக ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை, தொட்டால் ஆறிப்போயிருக்கிறது என்றால் அடைப்பு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய தகடு மாட்டி மாதம் ஒரு முறை பாருங்கள்.

டிரையரைச் சுற்றிய மூடியும் கதவுகளும், போர்த்தாத வால்வும் ஃபிளாஞ்சும் கூட இந்தப் படியில்தான் சேரும். குழாய்க்குப் போர்வை போட்டுவிட்டு வால்வை மட்டும் அம்மணமாக விடுவது நம் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. கழற்றி மாட்டும் உறை கிடைக்கிறது, போடுங்கள்.

படி 6: பாய்லர்

புகைபோக்கிக்குப் போகும் புகையின் சூடு 22 டிகிரி குறைந்தால் திறன் 1 சதவீதம் ஏறும். புகையின் சூட்டைப் பாய்லர் தண்ணீருக்கு ஏற்றும் எக்கனாமைசர் குழாய்களில் சாம்பல் படிந்தால் அந்தச் சூடு நாளுக்கு நாள் ஏறுவதைப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். புகையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். தேவைக்கு மேல் ஊதும் காற்று உள்ளே வந்து சூடாகி வெளியே போவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. சாம்பலைக் கையில் எடுத்துப் பாருங்கள், கருப்பாக இருந்தால் எரியாத கரி போகிறது. உப்பேறிய பாய்லர் தண்ணீரை வெளியே விடும் புளோடவுனைக் கடிகாரம் பார்த்துத் திறக்காமல், தண்ணீரின் உப்பளவைப் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.

பாய்லரில் பிரஷர் அதிகமாகவும் டிரையரில் 3, 4 கிலோவுமாக இருந்தால், நடுவில் பிரஷரைக் குறைக்கும் வால்வு சும்மா ஒரு வாய்ப்பை அழித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பேக் பிரஷர் டர்பைன் வைத்தால் அதே ஸ்டீம் முதலில் கரன்ட் கொடுத்துவிட்டு அப்புறம் டிரையருக்குப் போகும். புதுப் பாய்லர் வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஆனால் 3, 4, 5ஆம் படிகளை முடித்த பிறகு எவ்வளவு ஸ்டீம் தேவைப்படுகிறதோ அதற்கே பாய்லர் வாங்குங்கள்.

படி 7: கரன்ட்

வாக்குவம் பம்பு பெரிய தீனிக்காரன். தண்ணீர் வளையப் பம்பாக இருந்தால், உள்ளே வளையமாகச் சுற்றும் சீல் தண்ணீரின் சூட்டை அளங்கள். சூடான சீல் தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவியாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். கரன்ட் குறையாது, உறிஞ்சுவது குறையும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பம்பைப் போடச் சொல்வார்கள். முதலில் கூலிங் டவரைச் சரிபாருங்கள்.

கூழின் நாரைத் தேய்த்து வலுவாக்கும் ரிஃபைனர் தேய்ந்த பிளேட்டோடு ஓடுவது வீண். பிளேட்டைப் பின்னுக்கு இழுத்து, வேலை இல்லாமல் ஓடும்போது எத்தனை கிலோவாட் எடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த லோடில் அது பாதியாக இருந்தால் ரிஃபைனர் கூழுக்குச் செய்வதைவிடத் தண்ணீரைச் சுற்றுவதுதான் அதிகம். இரண்டு ரிஃபைனர் அரை லோடில் ஓடுகிறதென்றால் ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.

வால்வைப் பாதி மூடி ஓட்டும் பம்புகளின் பட்டியல் எடுங்கள். உராய்வை மட்டும் எதிர்த்து ஓடும் பம்பிலும் மின்விசிறியிலும் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் கரன்ட் ஏறத்தாழ பாதியாகும். வேகத்தை மாற்றும் டிரைவ் போடுவது அங்கேதான் பலிக்கும். எப்போதும் முழு லோடில் ஓடும் மோட்டாருக்கு டிரைவ் போட்டுச் செலவழிக்க வேண்டாம்.

காற்றுக் கசிவை ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் தேடுங்கள், சத்தம் கேட்கும். 7 கிலோ காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 3, 4 கிலோவாட் கம்ப்ரசர் சக்தியைத் தின்றுகொண்டிருக்கும்.

படி 8: கழிவுநீர்க் குட்டையை மறக்காதீர்கள்

கார்பன் கணக்குப் போடும் பல மில்கள் இதை விட்டுவிடுகின்றன. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் இடம். கண்ணுக்குப் புகை தெரியாததால் விட்டுவிடுகிறார்கள்.

காற்றுப் படாத ஆழமான குட்டையில் கழிவுநீர் அழுகினால் மீத்தேன் வரும். ஒரு கிலோ சிஓடி (கழிவுநீரில் இருக்கும் கரிமக் கழிவின் அளவு) அப்படிச் சிதைந்தால் 0.35 கனமீட்டர் மீத்தேன் என்பது வேதியியல் கணக்கு. நம் மில்லில் நாளுக்கு 1,000 கனமீட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் சிஓடி, அதில் 80 சதவீதம் இப்படிச் சிதைகிறது என்று வைப்போம். 2 டன் சிஓடி, 700 கனமீட்டர் மீத்தேன், எடையில் 500 கிலோ. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும். முழுவதும் வானத்துக்குப் போனால் நாளுக்கு 14 டன். முதல் படியில் போட்ட கணக்கில் மில்லின் நாள் வெளியீடே 100 டன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே வாயுவை மூடிய கலத்தில் பிடித்துப் பாய்லரில் எரித்தால் தினம் 1.3 டன் கரி மிச்சம். கரூர் பக்கத்தில் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கை கழுவிய தண்ணீரிலிருந்து இப்படி வாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரித்துக் காட்டியிருக்கிறது. அது பெரிய ஆலை. ஆனால் தத்துவம் 100 டன் ஆலைக்கும் அதுவேதான். கலம் கட்டப் பணம் இல்லையென்றால்கூட, குட்டையின் அடியில் சேர்ந்த சேற்றை எடுத்து, காற்றூட்டியைச் சரியாக ஓட்டுவது இன்றைக்கே செய்யக்கூடியது.

படி 9: எரிபொருளும் சோலாரும்

இப்போது தேவை குறைந்துவிட்டது. மிச்சத்தை எதால் நிரப்பலாம் என்று பார்க்கலாம்.

சீமைக் கருவேல விறகு, நிலக்கடலைத் தோல், உமி, தேங்காய் ஓடு எல்லாம் நம் பக்கம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஈரம். பச்சை வெட்டு மரத்தில் பாதி எடை தண்ணீர். டிரையரில் அவ்வளவு பாடுபட்டுத் தவிர்த்த ஆவியாக்கும் வேலையை உலையில் செய்ய வேண்டி வரும். கொட்டகைக்குள் உலர்த்தி, சிப் போட்டு எரியுங்கள். உமிச் சாம்பல் குழாயைத் தேய்க்கும். சில விவசாயக் கழிவுகளில் இருக்கும் பொட்டாஷ் உலையின் மணல் படுகையில் கட்டிபிடிக்கும். கரியோடு சிறு பங்காகக் கலந்து தொடங்குவதே நல்லது. எந்த விறகாக இருந்தாலும் எங்கே வெட்டியது என்று கேளுங்கள். தோப்பையும் ஏரிக்கரை மரத்தையும் வெட்டி எரித்துவிட்டு அதைப் பசுமை எரிபொருள் என்று கணக்கில் எழுதக் கூடாது.

வேஸ்ட் பேப்பரைக் கரைக்கும் பல்ப்பரில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பாய்லரில் போடும் ஆசை பலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். பிவிசி கலந்திருந்தால் டயாக்சின் வரும், சுற்றியிருக்கும் ஊர் மூச்சுவிடும் காற்றில் கலக்கும். சிமென்ட் சூளைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

சோலாருக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு மெகாவாட் போட்டால் 4,000 யூனிட், கார்பனில் 2.8 டன். நம் உதாரண மில்லுக்கு நாளுக்கு வேண்டியது 40,000 யூனிட், ஆக பத்தில் ஒரு பங்கு. அதற்கே நிழல் விழாத கூரை ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர அடி வேண்டும். ஃபெல்ட் அடைத்து மூன்று புள்ளி காய்வு போன கதையில் நாளுக்கு 7 டன் கார்பன் போனது நினைவிருக்கட்டும். இரண்டு மெகாவாட் சோலாரும் அதை ஈடுகட்டாது. சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையில் பங்கு வாங்கவும் வழி இருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காற்று. அந்த மாதங்களில் மேகம் மூடி சோலார் மங்கினால் அது தாங்கும்.

படி 10: எண்ணை எழுதி வையுங்கள்

பெரிய ஆலைகளுக்கு எரிசக்தி இலக்கு வைக்கும் மத்திய அரசின் பாட் (PAT) திட்டம் 2012இல் தொடங்கியது. தொடங்கியபோது காகித ஆலைகளுக்கு அதன் வரம்பு ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியாக இருந்தது. நம் 100 டன் ஆலை 8,000ஐக்கூடத் தொடாது. 2022இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. காகிதத் துறையும் அதில் இருக்கிறது. சிறு ஆலைகளுக்குச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும், திருப்பூரில் துணி ஏற்றுமதி செய்பவரிடம் வெளிநாட்டு வாங்குநர் அட்டைப்பெட்டிக்கும் சேர்த்துக் கணக்குக் கேட்டால், பெட்டிக்காரர் உங்களிடம்தான் வருவார்.

அவர் கேட்கும் அன்றைக்குத் தேடி எழுதாமல், மாதம் பிறந்ததும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பேப்பர் டன், கரி டன், கரியின் கலோரி மதிப்பு, விறகு டன், ஸ்டீம் டன், ஈபி யூனிட், சொந்தக் காற்றாலை அல்லது சோலார் யூனிட், பிரஸ் காய்வின் சராசரி, கண்டென்சேட் திரும்பிய சதவீதம். கீழே டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்ற எண். அதற்கும் கீழே, மின்சாரத்துக்கு எந்த ஆண்டின் காரணியைப் போட்டீர்கள், கழிவுநீர் மீத்தேன் சேர்ந்திருக்கிறதா, லாரி டீசல் சேர்ந்திருக்கிறதா என்று மூன்று வரி. அந்தப் பக்கத்தின் ஒரு நகலை அலுவலகக் கோப்பிலும், இன்னொன்றை மெஷின் கண்ட்ரோல் ரூம் சுவரிலும் ஒட்டுங்கள். ஃபெல்ட்டை மாற்றலாமா வேண்டாமா என்ற பேச்சு வருவது அந்த அறையில்தான்.